வலிக்காத வயிறு

மிளகாயைத் தின்னாதீர்கள் தம்பி. அது தின்பதற்கு இல்லை. கோழித் துண்டுகளை அதற்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். குச்சியால் கிளறிக் கிளறிக் கோழியை மட்டும் எடுத்துச் சாப்பிட வேண்டும். மிளகாய் அப்படியே தட்டில் மிஞ்சும். முதல் நாள் எனக்கும் யாரும் சொல்லவில்லை. நம் முகத்தைப் பார்த்துவிட்டு, இவருக்கு மிளகாயைப் பற்றி என்ன சொல்வது என்று விட்டுவிட்டார்கள் போல. தண்ணீர் வேண்டாம். தண்ணீர் எரிச்சலை வாய் முழுக்கக் கொண்டுபோகும். வெறும் சோறு ஒரு வாய் போடுங்கள். அப்படித்தான்.

நாக்கு மரத்துப்போகிறதா? அது மிளகாயின் வேலை இல்லை. இதோ, உமி மாதிரி சிவப்பாக உடைந்து கிடக்கிறதே, இதன் வேலை. மிளகு மாதிரி இருக்கும், மிளகு இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி உதடு தன்பாட்டுக்கு ஆடும். சீனாவில் சிச்சுவான் பக்கத்து ஆட்களுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், பயப்படாதீர்கள்.

நானா? ஆமாம், நான் மிளகாயையும் சேர்த்துத்தான் தின்றுகொண்டிருக்கிறேன். பார்த்துவிட்டீர்களா? எனக்கு வேறு காரணம் இருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எனக்கு வயிறு வலிக்க வேண்டும்.

சிரிக்காதீர்கள். உண்மையைத்தான் சொல்கிறேன். தனியாக வருகிறவர்களை இந்தக் கடைக்காரம்மா இப்படி ஒரே மேசையில் உட்காரவைத்துவிடுவார். இதுவரை என் எதிரே உட்கார்ந்தவர்கள் எல்லாம் சீனர்கள். தலையை ஆட்டிவிட்டு அவரவர் தட்டைப் பார்ப்போம். இன்றைக்குப் பார்த்து நீங்கள் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்தது.

நீங்கள் போனில் பேசியதைக் கேட்டேன். மதுரைப் பக்கம்தானே? அப்படியானால் சாத்தூர் தெரிந்திருக்கும். என் மருமகள் சாத்தூர். பொன்செல்வி என்று பெயர், நாங்கள் செல்வி என்போம். அவள் அப்பாவுக்கு அங்கே வற்றல் மண்டி. மூட்டை மூட்டையாக மிளகாய் வற்றல். அந்த வீட்டுப் பெண், ஆனால் பாருங்கள், அவளுக்குக் காரமே ஆகாது. எங்கள் வீட்டுக் குழம்பில் மிளகாய் விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளும் அதையேதான் சாப்பிடுகிறாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. சின்ன வயதிலிருந்து அந்த நெடியிலேயே கிடந்து வெறுத்துப்போயிருக்கும்.

முதலில் என் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இங்கே சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். சிங்காரவேலு என்று பெயர். என் மனைவி லோகாம்பாள் இருந்தவரை எனக்கு முதலில் தட்டு வரும், பிறகுதான் முட்டிவலி மாத்திரை வரும். அவள் போன பிறகு அந்த வரிசை தவறிவிட்டது. மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் குளியலறையில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தேன். வயிற்றில் புண். காரம் வாயிலேயே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருவதற்குள் செல்வி அடுப்படியையே மாற்றிவிட்டாள். அவள் அம்மா ஊரிலிருந்து கொடுத்து அனுப்பிய மிளகாய்ப் பொடி, ஊறுகாய், மோர் மிளகாய் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் தனியா ஏதாவது வச்சுக்கோயேன்மா" என்றேன்.

"ஒரு அடுப்புல ரெண்டு குழம்பு கொதிச்சா வாசம் வருமில்ல மாமா. அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளுக்குக் காரம் பிடிக்காது என்று. பிடித்திருந்தால் இவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுப்பாளா?

என் மகன் இளமாறன் ஆபீஸில் சாப்பிட்டுவிடுவான். மதியம் நானும் அவளும்தான். கஞ்சி, பாசிப்பருப்பு, பூசணிக்காய்க் கூட்டு, தயிர். எனக்கு எதிரே உட்கார்ந்து அவளும் அதையே பிசைந்து சாப்பிட்டுக்கொண்டு, "இன்னைக்கு எரிச்சல் இருக்கா மாமா?" என்று கேட்பாள்.

தம்பி, நீங்கள் இளவயது. இருந்தாலும் புரியும். லோகாம்பாள் போன பிறகு ஒருவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான். மகனும் கேட்பான், "ஓக்கேவாப்பா?" என்று. கேட்டுக்கொண்டே லிப்ட் பொத்தானை அமுக்குவான். செல்வி அப்படி இல்லை. கையில் சோற்றை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் யோசித்து, "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலம்மா" என்பேன். "அப்ப நாளைக்கு மணத்தக்காளி போட்டுப் பாக்கலாம்" என்பாள். அதன் பிறகுதான் மற்ற பேச்செல்லாம் வரும். அவளிடம் தமிழ் படிக்க வரும் பிள்ளைகள் அடித்த கூத்து, கீழ்வீட்டுக்காரர் வாங்கிய கிளி, எல்லாம்.

பல மாதம் கழித்து டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "புண் ஆறிடுச்சு அங்கிள். இனி எல்லாம் சாப்பிடலாம், அளவா" என்றார். அந்த ஆஸ்பத்திரி இங்கே பக்கத்தில்தான். வெளியே வந்து செல்விக்குச் சொல்லப் போனை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து இந்தச் சந்தில் யாரோ வற்றலை எண்ணெயில் போட்டார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் இருமிக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் நின்றேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் கேட்டாள், "டாக்டர் என்ன மாமா சொன்னாரு?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தம்பி, சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். ஆனால் அவள் கஞ்சியை ஆற்றி வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டால் நாளையிலிருந்து அவள் எதைக் கேட்பாள்? "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கணுமாம்" என்று சொல்லிவிட்டேன்.

"என்ன மாமா, பேச்சு ஒரு மாதிரி கொளறுது?"

"வெயில்மா."

அன்றிலிருந்து புதன்கிழமைகளில் முதியோர் மன்றத்துக்குக் கேரம் ஆடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வருவேன். கிளம்பும்போது ஒரு டப்பாவில் தயிர்சாதம் கட்டிக் கொடுப்பாள். "அங்க குடுக்குறதை எதையாவது தின்னு வைக்காதீங்க மாமா." அதை எப்படிக் கொட்டுவது? மனசு வராது. இங்கே இதை முடித்துவிட்டு, வெளியே மரத்தடி பெஞ்சியில் உட்கார்ந்து அதையும் தின்பேன். ஒவ்வொரு வாய்க்கும் என்னை நானே திட்டிக்கொண்டு தின்பேன். டப்பா காலியாகத் திரும்பினால் அவளுக்கு ஒரு சந்தோஷம். அதைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்காது. இன்னொன்று, இந்தச் சிவப்பு எண்ணெய் சட்டையில் தெறித்தால் லேசில் போகாது என்பார்கள். என் சட்டையில் ஒரு தடவைகூடக் கறை நின்றதில்லை. செல்வி என்ன சோப்பு வாங்குகிறாளோ. அந்த வகையில் நான் அதிர்ஷ்டக்காரன், அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது.

இதற்கு நடுவில் சம்பந்தியம்மா வேறு. செல்வியின் அம்மா. என் வயிற்றுக்காக இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். குணமானதும் பொங்கல் வைக்கிறேன் என்று. ஒவ்வொரு போனிலும், "அண்ணே, தாயி பார்த்துக்கிடுவா, தைரியமா இருங்க" என்பார். தாயி எப்போதோ பார்த்துவிட்டாள். நான்தான் அதை மறைத்து வைத்திருக்கிறேன். அம்மனையே காக்க வைத்தவன் நான்.

இருக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன். செல்விக்கு ஒரே ஒரு தங்கை, இந்துமதி. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இந்த வாரக் கடைசியில் முகூர்த்தம். பத்திரிகை அடித்த நாளிலிருந்து செல்வி ஒரே பேச்சு, "வர முடியாதும்மா. இவருக்கு லீவு கிடைக்காது. நானும் வந்துட்டா மாமாவுக்கு யாரு சமைப்பா? வயித்து விஷயம், விளையாட முடியாது." தங்கைக்காரி போனைப் பிடுங்கி அழுதாள். எனக்கே கேட்டது. "அக்கா, நீ வந்து தலையில பூ வச்சாத்தான் நான் மணவறைக்கு வருவேன்."

"நான் என்னடி செய்ய? மாமா உடம்பு அப்படி இருக்கு."

அதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருப்பது? ஒரு பெண் கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்குப் போகவில்லை, ஏனென்றால் நான் இங்கே உட்கார்ந்து கோழி தின்றுகொண்டிருக்கிறேன். சோறு இறங்கவில்லை எனக்கு. போன புதன்கிழமை இந்தக் கடையின் படி ஏறிவிட்டு, சாப்பிடாமல் திரும்பிப்போனேன். அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி, டாக்டர், கேரம், இந்தக் கடை, எல்லாம்.

அவள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எந்தக் கடை மாமா?" சொன்னேன். "கோழியா, மீனா?" இரண்டும் உண்டு என்றேன். "மிளகாயை வறுத்துப் போடுவாங்களா, அரைச்சு விடுவாங்களா?" வறுத்துத்தான் என்றேன். "கருக வறுப்பாங்களா, இல்ல சிவக்கவா?" போலீஸ் விசாரணை மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். நடுநடுவே எச்சிலை விழுங்கினாள். கோபத்தை விழுங்குகிறாள் என்று எனக்குத் தெரியாதா? தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னேன்.

கடைசியில், "அதனால என்னைப் பத்திக் கவலையே வேண்டாம். நீ தாராளமா கல்யாணத்துக்குப் போயிட்டு வாம்மா" என்றேன்.

அதுவரை கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதைச் சொன்ன பிறகுதான் முகம் மாறியது. "இதை வேற யார்கிட்டயும் சொல்லிட்டீங்களா மாமா?" என்றாள்.

"இளமாறன்கிட்ட வரும்போதே போன்ல சொல்லிட்டேன். டிக்கெட் போடச் சொல்லிட்டேன். சம்பந்திகிட்டயும் அவனே பேசிட்டான்."

பெருமையாகத்தான் சொன்னேன் தம்பி. எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்கிற மாதிரி. அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் ஏமாற்றியதற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பேசும்போது பேசி, பேசாதபோது ஒதுங்கிக்கொண்டு, செய்த தப்புக்கு இது குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னல் வெளி நடைபாதையைப் பார்த்துத் திறக்கும். நான் அங்கே துளசித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மாவிடம் பேசுகிறாள். கை ஈரம் என்பதால் போனை மேடையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

சம்பந்தியம்மா சொன்னார், "நீ வாரது எவ்வளவு சந்தோசம்த்தா. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. நலங்கு வைக்கும்போது மட்டும் நீ கொஞ்சம் தள்ளி நின்னுக்க. பூ வைக்கிறதும் வேற யாராவது வைக்கட்டும். உங்க பெரியத்தை வாயி உனக்குத் தெரியும். அவ ஏதாச்சும் சொல்லி நீ விலகுறதுக்கு, நீயா விலகிக்கிட்டா நமக்கு மரியாதை."

செல்விக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. குழந்தை இல்லை. நாங்கள் வீட்டில் அதைப் பேசுவதில்லை. லோகாம்பாள் யாரையும் பேசவிட்டதில்லை. ஆனால் அங்கே கல்யாண வீட்டில் அத்தனை பெண்கள் முன்னால், கூடப்பிறந்த தங்கைக்குச் சந்தனம் தடவக் கூடாதாம்.

செல்வி கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் தேய்த்தாள். பிறகு சொன்னாள், "சரிம்மா. நான் போட்டோ எடுக்கிறேன். கையில கேமரா இருந்தா யாரும் கூப்பிட மாட்டாங்க."

அவ்வளவு நிதானமாகச் சொன்னாள் தம்பி. ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்த மாதிரி. நான் ஊற்றிய தண்ணீர் தொட்டி நிரம்பிக் காலில் வழிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் புரிந்தது. என் வயிற்றுவலிக்குப் பின்னால் அவள் இத்தனை நாள் நின்றுகொண்டிருந்தாள். வளைகாப்பா, காதுகுத்தா, கல்யாணமா, மாமா உடம்பு அப்படி. யாரும் மேலே ஒரு வார்த்தை கேட்க முடியாது. பெற்ற அம்மாவும் கேட்க முடியாது. என் மனசு சுத்தமாக வேண்டும் என்பதற்காக நான் போய் அதை இடித்துவிட்டேன். அவளைக் கேட்டேனா? கேட்கவில்லை. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். பொய் சொன்னபோது பட்டதைவிட இது ஆயிரம் மடங்காக அரிக்கிறது.

நாளைக் காலையில் அவளுக்கு மதுரை விமானம். அதுதான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இங்கே வந்தேன். இருப்பதிலேயே அதிகக் காரம் என்று கடைக்காரம்மாவிடம் மெனு அட்டையில் விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார், தன் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். முட்டிவலி மாத்திரையையும் விழுங்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. தைரியம் வரவில்லை. ரத்தம் கக்கிச் சாகப் பயமாக இருக்கிறது. வலி மட்டும் போதும்.

ஆனால் பாருங்கள் இந்த வயிற்றை. மிளகாயை வாய் வாயாகத் தின்கிறேன். கல் மாதிரி இருக்கிறது. ஏப்பம்கூட வரவில்லை. வேண்டாத நாளில் ரத்தம் ரத்தமாகக் கக்கியது. வேண்டிய நாளில் மேலும் ஒரு தட்டு கேட்கிறது.

வலிக்காமலே வலிக்கிறது என்று சொன்னால் என்ன என்கிறீர்களா? ஒரு தடவை பொய் சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டேனே. இளமாறன் நம்பமாட்டான். "அப்பா, டிராமா போடாதீங்க, அவ ஊருக்குப் போயிட்டு வரட்டும்" என்பான். அவன் நல்லவன். அவன் மனைவியை ஊருக்கு அனுப்புவது அவள் சந்தோஷத்துக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். செல்வியிடமே நேராகப் போகாதே என்று சொல்லலாம் என்கிறீர்களா? நன்றாகச் சொன்னீர்கள். அப்படிச் சொன்னால் நான் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு என் எதிரே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவாள்?

கொஞ்சம் இருங்கள். போன். அவள்தான்.

"சொல்லும்மா... வெளியதான் இருக்கேன்... ஆமா, அந்தக் கடைதான்... செல்வி, வயிறு என்னமோ ஒரு மாதிரியா இருக்கும்மா. வலிக்குது... நிஜமாத்தான்... எந்தப் பக்கமா? வலது... இல்ல, நடுவுல... ஐயோ, ஆம்புலன்ஸ் எல்லாம் எதுக்கும்மா? வேண்டாம், வேண்டாம்... நீ வராத, நான் சொல்றதைக் கேளு... செல்வி. உனக்கு வேணும்னா வலிக்குது. வேண்டாம்னா வலிக்கல. அவ்வளவுதான்மா... ம்... ஆமா, வெளிய செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன்... ஆமாம்மா. கேட்டுச்சு."

வைத்துவிட்டாள்.

கேட்டுச்சு என்று நான் சொன்ன பிறகு, அந்தப் பக்கம் பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "வலிக்கட்டும் மாமா" என்றாள்.

சந்தோஷமாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா? எனக்குப் பிடிபடவில்லை. இனி நான் பக்கத்துணை என்று நினைத்தாளா, அல்லது இந்தக் கிழவனுக்கும் தெரிந்துபோய்விட்டதே என்று நினைத்தாளா? சாயங்காலம் அவள் முன்னால் போய் உட்கார்ந்தால்தான் தெரியும். இளமாறனிடமும் நான்தான் சொல்லியாக வேண்டும். சம்பந்தியம்மா அழுதுகொண்டே அம்மனுக்குப் பொங்கலோடு இன்னொன்றையும் சேர்த்து நேர்ந்துகொள்வார். அது போகட்டும். அந்தச் சின்னப் பெண் இருக்கிறாளே, அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. அக்கா பூ வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது அவளுக்குத் தெரியவே தெரியாது. வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கடைக்காரம்மா வருகிறார். இந்தத் தட்டை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள் தம்பி. வயிற்றுவலிக்காரன் முன்னால் இது இருக்கக் கூடாது. கோழி இன்னும் நிறைய உள்ளே கிடக்கிறது, தேடிச் சாப்பிடுங்கள்.

மறுபடியும் போன். இது சாத்தூர் நம்பர். அதற்குள் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. சம்பந்தியம்மாவாக இருந்தால் சமாளித்துவிடுவேன். எடுக்கிறேன், எடுக்காமல் எங்கே போவது?

"அலோ... யாரு, இந்துவா? கல்யாணப் பொண்ணு அழக் கூடாதும்மா... ஆமா, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்கு வந்துருச்சு... இல்லம்மா, அவ கிளம்பித்தான் இருந்தா, நான்தான் போகாதேன்னேன்... நான்தான்... அக்காவை ஒண்ணும் சொல்லாதே. என்னைத் திட்டு... ம்... நல்லாத் திட்டும்மா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."